மொகஞ்சதாரோவின் சாட்சி



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம், சிந்து நதிக்கரையில் பழைய காலத்து ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதாகும். இதைப் பற்றிப் பேச நமக்குள்ள யோக்கியதை எல்லாம், நாம் நாலு புத்தகங்களைப் படித்திருப்பதும், படித்ததைப் பற்றிச் சற்று யோசித்திருப்பதுமே அல்லாமல், நாம் கலாசாலையில் படித்துப் பட்டம் வாங்கினவரோ, அந்த இடத்தில் மண்வெட்டி பிடித்துத் தோண்டினவரோ அல்ல. ஆதலால் நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். அது உங்கள் புத்திக்குப் பொருந்துகின்றதா, அதற்கு ஆதாரம் காட்டப்படுகின்றதா என்று பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளும்படி முதலிலேயே கேட்டுக் கொள்ளுகின்றோம்.

தோழர்களே! பழைய காலத்தைப் பற்றிய கதைகளுக்கு நம் நாட்டில் எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. ஒரு யுகத்தில் மனிதன் பதினாயிரம் வருஷம் உயிரோடு இருந்தான் என்பார்கள். மாதம் மும்மாரி பெய்தது என்பார்கள். புலியும் பசுவும் ஒரே துறையில் தண்ணீர் குடித்தன என்பார்கள். "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டால், "பெரியவர்கள் சொல்லியிருக்கின்றார்கள்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. ஆனால் பழைய காலத்தை அறிந்து கொள்ள இன்னொரு சாட்சி இருக்கின்றது. அதுதான் மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கும் செங்கல்லும், பானை ஓடும், எலும்பும், குப்பையுமாகும். புத்தகம் எழுதுகின்றவன் பொய் எழுதலாம். கல்வெட்டு வெட்டுகின்ற அரசன் தன் பெருமையை ஒன்றுக்குப் பத்தாக வெட்டலாம். ஆனால் உடைந்த பானையைக் குப்பையில் எறிந்த ஒரு பெண்பிள்ளை, நாலாயிரம் வருஷத்திற்குப் பின் வரப்போகின்ற நம்மை ஏமாற்ற வேண்டும் என்று எண்ணி எறிந்திருக்க மாட்டாள் அல்லவா?

இந்தச் சாட்சி எப்படி அகப்பட்டது என்பதே ஒரு வேடிக்கையான விஷயம். பஞ்சாபில் ஹரப்பா என்ற ஊரில் பெரிய பெரிய மேடுகள் இருந்தன. அவைகளில் நல்ல சுட்ட செங்கல் ஏராளமாய்க் கிடந்தது. லாகூருக்கும் முல்தானுக்கும் ரயில் பாதை போட்ட காலத்தில், அந்தச் செங்கல்லை வாரிக் கொண்டு போய்த் தண்டவாளத்திற்கு அடியில் கொட்டினார்கள். அப்படி எடுக்கப்பட்டது சுமார் 100 மைல் பாதைக்குப் போதுமானதென்று, புதைபொருள் இலாகாவின் தலைவராயிருந்த கன்னிங்ஹாம் துரை எழுதியிருக்கின்றார். அங்கு கிடைத்த எழுத்துப் பொறித்த ஒரு முத்திரைக் கல்லையும் அவரே 1875-ல் வெளியிட்டார். ஆனால் அதன் பெருமை அவருக்கே தெரியவில்லை. பிறகு 1921-ல் தயாராம் சாஹ்னி ஹரப்பாவிலும், 1922-ல் ராகல்தாஸ் பானர்ஜி சிந்து மாகாணத்து மொகஞ்சதாரோவிலும் தோண்டினார்கள். இரண்டு ஊர்களுக்கும் மத்தியில் நானூறு மைல் தூரம் இருந்தும், கிடைத்த சாமான்கள் ஒரே மாதிரியாயிருந்தன. 1924-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சர் ஜான் மார்ஷல் இந்தச் சங்கதியை ஒரு லண்டன் பத்திரிகையில் வெளியிட்ட பிறகுதான், இந்தியாவில் இவ்வளவு பழமையான நகர வாழ்வு இருந்ததென்பது உலகத்திற்குத் தெரிந்தது.

"எவ்வளவு பழமை என்று எப்படித் தெரிந்தது?" என்று நீங்கள் கேட்க வேண்டும். இந்த ஊர்களின் முத்திரைகள், காலம் தெரிந்த ஈராக் தேசத்துப் பழைய நகரங்களில் அகப்பட்டன என்பது ஒன்று. கரித்துண்டு, தானியம் முதலியவைகளில் உள்ள ஒருவகைக் கரிச்சத்து சுமார் 5,730 வருஷத்திற்குப் பாதியாகக் குறையும் என்ற கணக்கைக் கொண்டு பரீட்சை செய்தது மற்றொன்று. இவைகளிலிருந்து, இந்த நகரங்கள் செழிப்பாயிருந்த காலம் கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை என்று ஏற்பட்டிருக்கின்றது. இன்று பாகிஸ்தானிலும் இந்தியாவிலுமாக இவ்வகை ஊர்கள் ஆயிரத்திற்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

இனி, அந்த ஜனங்களின் வாழ்வைப் பார்ப்போம். மொகஞ்சதாரோவின் பெரிய வீதி சுமார் 30 அடி அகலம். வீதிகள் தெற்கு வடக்காகவும் கிழக்கு மேற்காகவும் ஓடுகின்றன. செங்கல், கனம் ஒரு பங்கு, அகலம் இரண்டு பங்கு, நீளம் நான்கு பங்கு என்ற ஒரே கணக்கில் அறுத்துச் சுடப்பட்டது. மேற்படி ஊரில் 700 கிணறுகளுக்கு மேல் இருந்திருக்க வேண்டும் என்று யான்சன் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சிக்காரர் கணக்கிட்டிருக்கின்றார். கிணற்றின் வட்டம் உள்ளே சரிந்து விடாமலிருக்க, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் ஆப்பு மாதிரி செங்கல் அறுத்துக் கட்டியிருக்கின்றார்கள். தண்ணீர் சேந்தின கயிறு உரசி உரசி, விளிம்புச் செங்கல் தேய்ந்திருக்கின்றது. எத்தனை தலைமுறைப் பெண்களின் கை வலி அந்தத் தேய்மானத்தில் இருக்கின்றதென்று எண்ணிப் பாருங்கள்!

அநேக வீடுகளில் குளிக்கும் அறை இருக்கின்றது. தண்ணீர் தேங்காமல் ஒரு மூலைக்கு ஓடும்படி தரையைச் சரிவாகப் பாவியிருக்கின்றார்கள். கக்கூசும் பல வீடுகளில் இருந்திருக்கின்றது. வீட்டுக் கழிவுநீர் சுவர் வழியாகத் தெருவில் உள்ள செங்கல் சாக்கடைக்குப் போகின்றது. அந்தச் சாக்கடை செங்கல்லாலும் கல்லாலும் மூடப்பட்டது; மூடியை வேண்டும்போது எடுக்கலாம். இடையிடையே கசடு தங்குவதற்குக் குழிகள் உண்டு. சாக்கடை ஓரத்தில், உள்ளேயிருந்து வாரிப்போட்ட மணல் குவியல்கூட தோண்டினவர்களுக்கு அகப்பட்டிருக்கின்றது. அதாவது சாக்கடை கட்டினதோடு நிற்காமல், அதை அவ்வப்போது சுத்தம் செய்யவும் ஓர் ஏற்பாடு அந்த ஊரில் இருந்திருக்கின்றது.

கடைத்தெரு விஷயத்தைப் பாருங்கள். கல்லினால் செய்த எடைக்கற்கள் ஏராளமாய்க் கிடைத்திருக்கின்றன. அவை 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக் கொண்டே போகின்றன. சிறிய அளவு ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஹரப்பாவில் உள்ள எடையும், வெகு தூரத்தில் குஜராத்தில் லோதலில் உள்ள எடையும் ஒன்றே. நம் தேசத்திலோ 1956-ல் சட்டம் செய்த பிறகுதான் ஒரே அளவு வந்தது. அதுவரையில் ஊருக்கொரு படியும் வட்டாரத்திற்கொரு மணங்குமாய் வாங்குகின்றவன் ஏமாந்து கொண்டிருந்தான் என்பது வயதானவர்கள் அறிந்ததே.

ஒரு வெள்ளிச் சாடியில் ஒட்டிக் கொண்டிருந்த சிறு துணித் துண்டைப் பரீட்சை செய்ததில், அது பருத்தித் துணியென்றும், மஞ்சிட்டி போன்ற வேரின் சாயம் ஏற்றியதென்றும் தெரிந்தது. நாலாயிரம் வருஷத்திற்கு முன் ஒரு நெசவாளியும் ஒரு சாயக்காரரும் செய்த வேலைக்கு அந்தத் துண்டுதான் அத்தாட்சி. அவர்கள் கோதுமையும் பார்லியும் விளைவித்தார்கள். எள்ளும் பட்டாணியும் வைத்திருந்தார்கள். மாமிசம் சாப்பிட்டார்களா என்று கேட்டால், அதற்கும் எலும்பே சாட்சி சொல்லுகின்றது. கிடைத்த எலும்புகளில் மாட்டெலும்பே அதிகம். ஆடு, எருமை, பன்றி, மீன் முதலியவைகளும் உண்டு. ஹரியானா பக்கத்துப் பானை ஓடுகளில் ஊறியிருந்த கொழுப்பைச் சமீபத்தில் பரீட்சை செய்ததிலும் மாமிசக் கொழுப்பே அதிகமாய்க் காணப்பட்டிருக்கின்றது. இந்த நாட்டில் ஆதிமுதல் ஒருவரும் இதைத் தொட்டதில்லை என்று சொல்லுகின்றவர்கள் அந்தப் பானையோடு வழக்காடிக் கொள்ளட்டும்.

குழந்தைகளையும் நாம் மறந்துவிடக்கூடாது. களிமண்ணில் செய்து சுட்ட சிறு மாட்டு வண்டிகள், தலையாட்டும் மாடு, பறவை உருவத்தில் ஊதுகுழல், சூதாடும் பகடைக்காய் ஆகியவை கிடைத்திருக்கின்றன. சங்கு வளையலும், சிவப்புக் கல்லில் நுண்ணிய துளை போட்ட மணிமாலையும் கிடைத்திருக்கின்றன. அந்த மணிகள் ஈராக்கில் ஊர் என்ற நகரத்து ராஜ சமாதிகள் வரையில் போயிருக்கின்றன. மெலுஹா என்ற தேசத்துக் கப்பல்கள் தன் துறையில் நிற்பதாக அந்நாட்டு அரசன் சார்கோன் பெருமை பேசியிருக்கின்றான். மெலுஹா என்பது இந்தச் சிந்து நாடே என்பது பெரும்பாலான ஆராய்ச்சிக்காரர்களின் அபிப்பிராயம்.

நிற்க, தோண்டினதில் எது கிடைத்தது என்பதைப் போலவே, எது கிடைக்கவில்லை என்பதும் கவனிக்க வேண்டிய விஷயமாகும். அதே காலத்தில் எகிப்து தேசத்தில், ஓர் அரசனுடைய பிணத்தை வைப்பதற்காக லக்ஷக்கணக்கான பாறைகளை அடுக்கி மலைபோல் பிரமிடு கட்டினார்கள். சிந்து நதிக்கரையில் இப்படிப்பட்ட ராஜ சமாதி ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. இது அரண்மனைதான், இது பெரிய கோவில்தான் என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய கட்டிடமும் அகப்படவில்லை. சுமார் 39 அடி நீளமும் 23 அடி அகலமும் 8 அடி ஆழமும் உள்ள ஒரு குளம், தண்ணீர் கசியாமலிருக்க நிலக்கீல் பூசிக் கட்டப்பட்டு, இருபுறமும் படிகளோடு இருக்கின்றது. ஆனால் அது எதற்கென்று கட்டினவர்கள் எழுதி வைக்கவில்லை. எப்படியும் ஊராருடைய செங்கல்லும் உழைப்பும் பெரும்பாலும் வீட்டிற்கும், கிணற்றிற்கும், சாக்கடைக்குமே போயிருக்கின்றன என்பது மாத்திரம் கண்ணால் காண்கின்ற உண்மை.

உடனே, "ஆகா! அங்கே ராஜாவும் இல்லை, பணக்காரனும் இல்லை, எல்லோரும் சமம்" என்று சொல்லிக் கைதட்டிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் நாமும் ஒரு புதிய யுகக் கதை கட்டினவர்களாகி விடுவோம். பெரிய வீடும் இருந்தது. ஒரே அறையில் முடங்கின குடித்தனமும் இருந்தது. ஹரப்பாவின் கடைசிக் காலத்து எலும்புகளில், மண்டையில் அடிபட்ட காயங்களும், குஷ்டம், க்ஷயம் முதலிய வியாதிகளின் அடையாளங்களும் காணப்படுகின்றன. சாக்கடையில் இறங்கினவர்கள் யார், அவர்களுக்குக் கூலி என்ன என்பதைச் செங்கல் சொல்லவில்லை.

தோழர்களே! இனி நாம் சொல்லப் போவதுதான் முக்கியமானது. செங்கல் சொல்லாததையெல்லாம் மனிதர்கள் அதன் வாயில் வைத்துச் சொல்ல வைக்கின்றார்கள். அங்கே 17½ சென்டிமீட்டர் உயரத்தில் தாடி வைத்த ஒரு கல் உருவம் கிடைத்தது. அதற்குப் "பூசாரி அரசன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் பூசாரி என்பதற்கும் ஆதாரமில்லை, அரசன் என்பதற்கும் ஆதாரமில்லை. 10½ சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வெண்கலப் பெண் இடுப்பில் கை வைத்துக் கொண்டு நிற்கின்றாள். அவளுக்கு "நாட்டியக்காரி" என்று பெயர். ஒரு பெண் கை நிறைய வளையல் போட்டுக் கொண்டு தைரியமாய் நிமிர்ந்து நின்றால், உடனே அவள் நாட்டியக்காரியாகத்தான் இருக்க வேண்டுமா? ஒரு பெரிய கட்டிடத்திற்குத் "தானியக் களஞ்சியம்" என்று பெயர். அதில் ஒரு படி தானியம்கூட அகப்படவில்லை. கால் மடக்கி உட்கார்ந்த ஓர் உருவம் உள்ள முத்திரையைச் சிவன் என்றார்கள். மற்றோர் ஆராய்ச்சிக்காரர் அதை மறுக்கின்றார். பெயர் வைத்தவர்கள் பெரிய படிப்பாளிகள்தான். ஆனாலும் பெயர் ஆதாரமாகிவிடாது.

இதைவிடப் பெரிய கதையொன்று உண்டு. மொகஞ்சதாரோவில் சரியாய்ப் புதைக்கப்படாத சில எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவைகளைக் கொண்டு, வெளியிலிருந்து வந்த ஆரியர்கள் இந்த ஊராரை வெட்டிப் போட்டார்கள் என்றும், இந்திரனே குற்றவாளி என்றும் 1940-களில் வீலர் துரை எழுதினார். இக்கதை பல மேடைகளில் வெகு ருசியாய்ப் பேசப்பட்டது. ஆனால் 1964-ல் ஜார்ஜ் டேல்ஸ் என்பவர் கணக்குப் பார்த்ததில், எலும்புக்கூடுகள் மொத்தம் 37 சுமாரே என்றும், அவை எல்லாம் ஒரே காலத்தவை அல்லவென்றும், படையெடுப்பிற்குரிய ஆயுதக் குவியலோ, எரிந்த கோட்டையோ இல்லை என்றும் ஏற்பட்டது. பிறகு எலும்புகளைப் பரிசோதித்தவர்களும், வெட்டுக் காயம் உள்ளவை மிகச் சிலவே என்றார்கள். ஆகவே கொலைக்கதைக்கு ஆதாரமில்லை. ஆற்றுத் தண்ணீர் ஓட்டம் மாறியதும், கி.மு. 2200-க்குப் பிறகு மழை குறைந்ததும், வியாபாரம் தளர்ந்ததுமான காரணங்களால் ஜனங்கள் கொஞ்சங் கொஞ்சமாய் ஊரைவிட்டுக் கிழக்கே போனார்கள் என்பதே இன்று பொருத்தமாய்த் தோன்றுகின்றது. இது நமக்குப் பிடித்த கதையா, பிடிக்காத கதையா என்பது கேள்வியே அல்ல.

எதிர்த்தரப்பார் செய்ததையும் சொல்லிவிடுகின்றோம். சிந்து ஜனங்களே வேதகால ஆரியர்கள் என்று நாட்ட விரும்பியவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. வேதத்திலோ குதிரை ஏராளம். முத்திரைகளிலோ ஒரு குதிரையும் இல்லை. ஆகையால் 2000-ம் வருஷத்தில் வெளிவந்த ஒரு புத்தகத்தில் குதிரை முத்திரை என்று ஒரு படம் போடப்பட்டது. அதே வருஷம் ஃபிரண்ட்லைன் பத்திரிகையில் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள், அது உடைந்துபோன ஒற்றைக் கொம்பு மாட்டு முத்திரையின் படமே என்றும், கம்ப்யூட்டரில் மாற்றப்பட்டதென்றும் மூலப் படத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். மாட்டைக் குதிரையாக்க வேண்டியிருந்தது என்றால், அந்தக் கட்சியின் பலம் எவ்வளவு என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

ஆனால் இதே தராசில் நம்மையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். "சிந்து எழுத்து தமிழ் எழுத்தே, நாம் படித்துவிட்டோம்" என்று சொல்லுகின்றவர்களும் இருக்கின்றார்கள். உண்மை என்னவென்றால், எழுத்துள்ள பொருள்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தும், ஒவ்வொன்றிலும் சராசரி ஐந்து குறிகளே இருக்கின்றன. இரண்டு பாஷையில் ஒரே சங்கதியை எழுதிய கல் ஒன்றும் அகப்படவில்லை. நம் தமிழ்நாட்டு ஐராவதம் மகாதேவன் அவர்கள் 1977-ல் அந்த எழுத்துக்கள் அனைத்தையும் வரிசைப்படுத்தி ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டார். அந்தப் பாஷை திராவிடப் பாஷையாயிருக்கலாம் என்பது அவர் கொள்கை. அதற்குக் காரணங்களும் உண்டு. பலூசிஸ்தானத்தில் இன்றும் பிராகுவி என்ற திராவிடப் பாஷை பேசப்படுகின்றது; ரிக் வேதத்திலேயே திராவிடச் சொற்கள் கலந்திருப்பதாகப் பாஷை ஆராய்ச்சிக்காரர்கள் பலர் சொல்லுகின்றார்கள். ஆயினும் "இருக்கலாம்" என்பதற்கும் "இருக்கின்றது" என்பதற்கும் உள்ள தூரம் வெகு தூரம். எழுத்தைச் சந்தேகமறப் படித்துக் காட்டுகின்றவருக்குப் பத்து லக்ஷம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு சர்க்கார் 2025 ஜனவரியில் விளம்பரம் செய்ததே, அது இன்னும் படிக்கப்படவில்லை என்பதற்கு அத்தாட்சியாகும்.

இரத்தச் சம்பந்தம் என்ன என்று கேட்பீர்கள். ஹரியானாவில் ராகிகடி என்ற இடத்தில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்பைப் பரிசோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து பின்னால் வந்தவர்களின் கலப்பு அந்தப் பெண்ணிடம் இல்லை. அந்தக் கலப்பு இந்நாட்டில் கி.மு. 2000-க்கும் 1500-க்கும் மத்தியில் நுழைந்ததாக அதே வருஷத்தில் வந்த மற்றோர் ஆராய்ச்சி சொல்லுகின்றது. ஆகவே ஆரிய பாஷைக்காரர் இங்கேயே முளைத்தவர் என்பதற்கு அது பாதகமாகவே இருக்கின்றது. ஆனால் அந்தப் பெண்ணின் வம்சக் கூறு, இன்று இந்நாட்டில் உள்ள பெரும்பாலோரிடமும், வடக்கத்தியாரிடமும் தெற்கத்தியாரிடமும், மேல்சாதி கீழ்சாதி என்று சொல்லப்படுகின்ற எல்லோரிடமும் கூடவோ குறையவோ இருக்கின்றது. அப்படியானால் தன் இரத்தம் மாத்திரம் கலப்பற்றது என்று சொல்ல எவனுக்கு யோக்கியதை இருக்கின்றது?

"சரி, இதையெல்லாம் தெரிந்து கொள்ளுவதால் நமக்கு என்ன லாபம்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். இது நியாயமான கேள்வியே. மொகஞ்சதாரோக்காரர் நம் பாட்டன்மாரே என்று நாளைக்கு நிச்சயமானாலும், அதனால் நம் தெருச் சாக்கடை மூடிக் கொள்ளப் போவதில்லை. ஒரு ஊரின் நாகரிகத்தை அளக்க அதன் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதைவிட, அதன் தண்ணீரையும் சாக்கடையையும் குனிந்து பார்ப்பதே சரியான வழி என்பதைத்தான் அந்த ஊர் நமக்குக் காட்டுகின்றது. அந்த அளவுகோலை நம் ஊருக்கு வைத்துப் பாருங்கள். மனிதன் கையால் மலம் அள்ளக் கூடாதென்று 1993-ல் ஒரு சட்டமும் 2013-ல் ஒரு சட்டமும் செய்தாகிவிட்டது. அப்படியிருந்தும் மலக்குழியில் இறங்கி விஷவாயுவில் மூச்சடைத்துச் சாகின்றவர்களின் செய்தி பத்திரிகையில் வந்து கொண்டேதான் இருக்கின்றது. இறங்குகின்றவன் எந்தத் தெருக்காரன் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பழைய ஊரில் சாக்கடை வாரினவர் யார் என்பதை நாம் அறிய வழியில்லை. ஆனால் இந்த ஊரில் வாருகின்றவர் யார் என்பதை அறியாதவர் இந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

ஆதலால் தோழர்களே! பழம்பெருமை பேசுகின்றவர் யாராயிருந்தாலும், அவர் நம் மேடையில் பேசினாலும் எதிர் மேடையில் பேசினாலும், "எங்கே அகப்பட்டது? யார் பார்த்தார்? எப்படித் தெரியும்?" என்ற மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஊருக்குத் திரும்பினதும், உங்கள் பஞ்சாயத்துக் கூட்டத்தில், இந்த வருஷத்தில் குடிதண்ணீருக்கு எவ்வளவு, சாக்கடைக்கு எவ்வளவு, திருவிழாவிற்கு எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள். குழியில் ஆளை இறக்காமல் இயந்திரம் இறக்கு என்றும் கேளுங்கள்.